கூட்டாமல் விட்ட மரத்தடி

இந்த நாட்டில் சிலர் தங்கள் வளவுச் சருகை வேண்டுமென்றே கூட்டாமல் விடுகிறார்கள். கனடாவுக்கு வந்து ஆறு வருடமாகியும், மாடிக்குடியிருப்பிலேயே இருந்ததால், அது எனக்குத் தெரியாமல் போனது.

இப்போது ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் வாடகைக்கு இருக்கிறோம். மேலே வீட்டுக்காரி மார்கிரட், தனியாள். பின்வளவில் மேப்பிள் மரத்தின் அரைநிழலில், இறந்துபோன அவரது கணவர் நட்ட ட்ரில்லியம் செடிகள். இந்த நாட்டுக் காட்டுப்பூ. மூன்று இலை, மூன்று வெள்ளை இதழ். கோடையோடு மண்ணுக்குள் ஒடுங்கி வசந்தத்தில் திரும்ப வரும். போன இலையுதிர்காலம் மார்கிரட் தன் மகளிடம் போகும்போது, பார்த்துக்கொள் என்று என்னிடம் விட்டுப்போனார்.

நான் பார்த்துக்கொண்டேன். தினமும் கூட்டினேன். எங்கள் ஊரான பள்ளிமுனையில் காலைப் பூசை மணி அடிக்கும் முன் முற்றம் கூட்டியிருக்க வேண்டும். ஈர்க்குமாறு கீறிய மணலில் யாருடைய கால்தடம் விழுந்திருக்கிறது என்று அம்மா பார்ப்பார். குப்பை கிடந்தால் அந்த வீட்டில் யாருக்கோ சுகமில்லை என்று சனம் விசாரிக்க வரும். அந்தப் பழக்கத்தில் மரத்தடியைக் கறுப்பு மண் தெரியும்வரை வழித்து, சருகைக் கடதாசிப் பைகளில் அடைத்துக் குப்பை லொறிக்குக் கொடுத்துவிட்டேன்.

மார்கிரட் திரும்பி வந்து மரத்தடியில் நின்றார்.

“இலைகள் எங்கே?”

“எல்லாம் துப்புரவாக்கிவிட்டேன்” என்று அரைகுறை ஆங்கிலத்தில் சொல்லி, பாராட்டுவார் என்று சிரித்தேன்.

“குளிருக்கு அதுதான் அந்தச் செடிகளின் போர்வை” என்றுவிட்டு உள்ளே போனார்.

அன்று பின்னேரமே, கதவைத் தட்டிக் கேட்க வெட்கப்பட்டு, அயலவர் தெருவோரம் வைத்திருந்த சருகுப் பைகளைச் சொல்லாமல் காவிவந்து மரத்தடியில் கொட்டினேன்.

“சனம் குப்பையை வெளியில வைக்குது, நீர் உள்ளுக்க கொண்டுவாறீர். மனிசி எங்களை வீட்டை விட்டு எழும்பச் சொல்லப்போகுது” என்றார் என் கணவர். பகிடிதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பனி மூடிய மாதமெல்லாம் வீடு போய்விடும் என்பதைவிட, செத்த மனிதர் நட்டதை நான் சாகடித்துவிட்டேனோ என்பதே பயமாக இருந்தது. படியில் மார்கிரட்டைக் கண்டால் தலையைக் குனிந்துகொள்வேன்.

சித்திரை முடிவில் சருகைத் துளைத்துக்கொண்டு மூன்று முளைகள் வந்தன. முன்பு மரத்தைச் சுற்றி நிறைய நின்றவை. மார்கிரட் முழங்காலிட்டுப் பார்த்தார்.

“சில பிந்தி வரும்” என்றார். எனக்குச் சொன்னாரா, தனக்கே சொன்னாரா தெரியவில்லை.

நேற்றுப் பின்னேரம் பள்ளிமுனையிலிருந்து தங்கச்சி வீடியோவில் வந்தாள்.

“அக்கா, வளவைக் காட்டுங்கோ பாப்பம்.”

படிக்கட்டுப் பக்கத்தைக் காட்டினேன். அங்கே இப்போதும் கூட்டுகிறேன்.

“அங்கால மரத்தடி ஏன் ஒரே சருகாக் கிடக்கு? ஆருக்கும் சுகமில்லையோ?”

“இல்லையடி, இனித்தான் கூட்டப்போறன்” என்று போனைத் திருப்பினேன்.

காற்று ஒரு சருகைக் கூட்டிய பக்கத்துக்குக் கொண்டுவந்தது. அவள் காணாதபடி அதைக் காலால் மரத்தடிக்கே தள்ளிவிட்டேன்.