கயிற்றுக்கு அந்தப் பக்கம்

ஏரிக்கரை மரவீட்டில் தங்க வந்த யாரும் அவள் குரலைக் கேட்டதில்லை. வெந்நீர் அவரவர் அறை வாசலுக்கு வரும், கம்பளி மடித்த மடிப்போடு கட்டிலுக்கு வரும், ஆள் மட்டும் கண்ணில் படமாட்டாள். யாராவது உற்றுப் பார்த்தால் நின்ற இடத்திலேயே கல்லாகிவிடுவாள். படகுத்துறையில் 'வாய்ப்பூட்டு' என்று வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. கணவர் இறந்த பிறகு அந்த மூன்று அறை விடுதி அவளுக்கும் நாத்தனாருக்கும் மிஞ்சியது. பேச்சு முழுக்க நாத்தனார் பங்கு. வேலை முக்கால்வாசி இவள் பங்கு.

மேலே குன்றில் பழைய கோட்டை. அதன் தானியக் கிடங்கை அருங்காட்சியகமாக்கி, மலைச் சனங்கள் அந்தக் காலத்தில் வாழ்ந்த விதத்தைப் பொம்மைகளாகச் செய்து வைத்திருந்தார்கள். அங்கே ஒரு மெழுகுப் பெண் எந்நேரமும் புகையாத அடுப்பை ஊதிக்கொண்டிருப்பாள். அதைப் பார்த்துவிட்டு இறங்கும் சுற்றுலாப் பேருந்து, இரவு தங்க இந்த வீட்டு வாசலில் நிற்கும். அது நின்றால்தான் மழைக்கு முன் கூரைத் தகரத்தை மாற்றலாம். இல்லையென்றால் விடுதியை இழுத்து மூடவேண்டியதுதான்.

ஒருநாள் பேருந்தோடு வரும் வழிகாட்டி சமையலறைக்குள் தலையை நீட்டினார்.

"இந்த கேஸ் அடுப்பு, மிக்ஸி, சிவப்பு பக்கெட்டு எல்லாத்தையும் மறைச்சிடுங்க. மேல பார்த்ததை இங்க உயிரோட பார்க்கணும்னுதான் இவங்க வர்றாங்க. அக்காவும் அந்த ஸ்வெட்டரைக் கழட்டிட்டு, பொம்மை மாதிரி முரட்டுத் துணி எதையாவது சுத்திக்கட்டும்."

"அதுக்கென்ன, செஞ்சுட்டாப் போச்சு," என்றாள் நாத்தனார். பிறகு இவள் பக்கம் திரும்பி, "அண்ணி, நீங்க பேசவே வேணாம். சும்மா உக்காந்திருங்க. அதுதான் உங்களுக்குக் கைவந்த கலையாச்சே."

அவள் கேஸ் அடுப்பைச் சாக்கால் மூடிவிட்டு, ஸ்வெட்டரைக் கழற்றி முரட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டு, குளிரில் தோள் நடுங்க விறகடுப்பின் முன் உட்கார்ந்தாள். கண்ணெல்லாம் புகை. வழிகாட்டி வாசலுக்குக் குறுக்கே ஒரு கயிற்றைக் கட்டினார், கோட்டையில் பொம்மைகளுக்கு முன்னால் கட்டியிருப்பதைப் போலவே.

மாலையில் கூட்டம் எட்டிப் பார்த்தது. அத்தனை கண்களும் தன்மேல் விழுந்ததும் வழக்கம்போல அவள் உறைந்துபோனாள். தொப்பிக்காரர் ஒருவர் கயிற்றுக்கு மேலே குனிந்து, அவள் கன்னத்தை விரலால் தட்டினார்.

"தத்ரூபமா பண்ணியிருக்காங்க. மெழுகா, மண்ணா?"

பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். நாத்தனாரும் சிரித்துவிட்டாள்.

அவள் எழுந்தாள். தொப்பிக்காரர் துள்ளிப் பின்வாங்கி யார் காலையோ மிதித்தார்.

"சதைதான்," என்றாள் அவள். "இன்னொரு தடவை தொட்டா சுடும்."

கயிற்றை அவிழ்த்து மூலையில் எறிந்தாள். சாக்கை உருவினாள், ஸ்வெட்டரை மாட்டினாள், கேஸைப் பற்றவைத்தாள், மிக்ஸியை ஓடவிட்டாள். அந்த இரைச்சலில் வழிகாட்டி தொண்டை கிழியக் கத்த வேண்டியிருந்தது.

"இனிமே பஸ் இங்க நிக்காது, பார்த்துக்குங்க."

அவள் மிக்ஸியை நிறுத்தி, "நிக்க வேணாம்," என்று சொல்லிவிட்டு மறுபடி ஓடவிட்டாள்.

மறுநாள் கூட்டம் கிளம்பியதும் நாத்தனார் பிடித்துக்கொண்டாள். "பூட்டு தொறந்ததும் தொறந்துச்சு, பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே அண்ணி. கொஞ்ச நேரம் பொம்மையா இருந்தா குறைஞ்சா போயிடுவீங்க?"

"ஆமா, குறைஞ்சுதான் போவேன்."

"அப்ப கூரை?"

"தங்குறதுக்கு ஆளை நான் கூட்டிட்டு வர்றேன்."

"நீங்களா?" நாத்தனார் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சொன்னபடியே அடுத்த முறை பேருந்து நிற்காமல் கடந்தது. அவள் படகுத்துறைக்கு நடந்தாள். முதுகுப் பைகளோடு சிலர் படகிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

"வாய்ப்பூட்டு, வெறும் காத்துதான் வருது," என்றார் படகுக்காரர், துடுப்பில் சாய்ந்தபடி. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். கால்கள் மரத்துப்போயின. மரத்தால் மரக்கட்டும் என்று அப்படியே நின்றாள்.

"ரூம் இருக்கு." குரல் கீச்சென்று உடைந்தது. படகுக்காரர் சிரித்தார். அவள் அவரைவிட உரக்கக் கூவினாள். "ரூம் இருக்கு. வெந்நீர் இருக்கு. கேஸ் அடுப்புலதான் சமைப்பேன். எங்க வீட்டுல வேடிக்கை பார்க்க ஒண்ணும் இல்ல. படுத்துத் தூங்கலாம்."