பதினோரு நாள் எண்ணெய்

குற்றாலம் பேரருவிக்குப் போகிற வழியில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் எத்தனையோ பேர். உச்சிமாகாளியிடம் ஒருமுறை முதுகைக் கொடுத்தவர்கள் மறு சீசனிலும் அவரைத் தேடித்தான் வருவார்கள். இருபத்தாறு வருஷத் தொழில். தோளில் கை வைத்ததுமே, "ஸாரு வலது பக்கமா சாஞ்சுதான் கம்ப்யூட்டர் பாக்குதியளோ?" என்பார். மதுரைக்காரர் ஒருவர் படியில் விழுந்துவிட்டதாகச் சொன்னபோது, "படியில விழுந்தா இந்த எடத்துல அடி படாதே அண்ணாச்சி. வீட்டம்மாகிட்ட கேட்டாத்தான் வெவரம் தெரியும்" என்றார். காத்து நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். மதுரைக்காரரும் சிரித்தார்.

அவருடைய தம்பி தேவா தென்காசியில் ஆட்டோ ஓட்டினான். பதினான்கு வயது இளையவன். தாயும் தகப்பனும் போன பிறகு வளர்த்ததெல்லாம் உச்சிமாகாளிதான். மூன்று வருஷத்துக்கு முன்பு ஆடி மாதம், ஒரு விடுதியில் தங்கியிருந்தவர்களின் நகை காணாமல் போயிற்று. அவர்களை அங்கே கொண்டுபோய் இறக்கியவன் என்று தேவாவைப் போலீஸ்காரர்கள் விசாரணைக்குக் கூட்டிப்போனார்கள். மூன்றாம் நாள் விடியும் முன்பே தெருமுனையில் இறக்கிவிட்டுப் போனார்கள். வழக்கும் இல்லை, ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. நகை அதன் சொந்தக்காரர் பெட்டியிலேயே கிடைத்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டார்கள்.

சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்த தேவா, "கீழ விழுந்துட்டேம்ணே" என்றான்.

உச்சிமாகாளி அவன் காலைத் தொட்டுப் பார்த்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் மறுபடி வந்து தூக்கிவிடுவார்கள் என்று தேவா பயந்தான். உச்சிமாகாளிக்கும் தன் கையின்மேல் இருந்த நம்பிக்கை வேறெதன்மேலும் கிடையாது. எண்ணெயைக் காய்ச்சி, இளஞ்சூட்டில் காலையும் மாலையும் தேய்த்துவிட்டார். பதினோரு நாள். பாதத்து வீக்கம் வடிந்தது. தொடையில் கன்றிக் கறுத்திருந்தது பச்சையாகி, மஞ்சளாகி, கலைந்துபோனது. "பாத்தியாலே அண்ணன் கைய!" என்று பெருமைகூடப் பட்டார்.

பன்னிரண்டாம் நாள் தேவாவுக்குச் சிறுநீர் நின்றுவிட்டது. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து செத்துப்போனான். அடியில் நசுங்கிய சதையின் நஞ்சு சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆனால் சிறுநீரகம் செயலிழந்தது என்று மட்டும் எழுதினார்கள். அதற்குக் கீழே இன்னொரு வரி: உடலில் வெளிக்காயம் எதுவும் இல்லை.

காரியமெல்லாம் முடிந்து வீடு வெறிச்சென்று ஆன பிறகுதான் அந்த வரி உச்சிமாகாளிக்கு உறைத்தது. காயத்தை இல்லாமல் ஆக்கியது அவருடைய கைதான்.

தேவாவின் ஆட்டோவில் தினமும் நீதிமன்றம் போய்வந்த சுஜிதா என்ற வக்கீல், கேட்காமலே மனு எழுதித் தந்தாள். போன இடத்திலெல்லாம் அந்த ஒரு வரியைக் காட்டிக் கோப்பை மூடினார்கள். கடைசியில் அவள் ஜெனீவாவுக்கு எழுதினாள். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்துப் போட்டதோடு சரி, அதை இன்னும் உறுதிசெய்யவில்லை. ஆகவே வழக்குபோல அங்கே விசாரிக்க முடியாது. ஆனால் இதற்கென்றே உள்ள சிறப்பு அறிக்கையாளர் என்ன நடந்தது என்று அரசைக் கேட்கலாம் என்று விளக்கினாள். உச்சிமாகாளிக்குப் புரிந்தது ஒன்றுதான்: வெளியே இருந்து ஒருவர் கேட்கப்போகிறார்.

கேட்டார்கள். எட்டு மாதம் கழித்து அரசின் பதில் வந்தது. அதைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்த சுஜிதா நடுவில் நிறுத்தினாள்.

"என்னம்மா, படி."

"தேவா நல்லபடியா வீட்டுக்குத் திரும்பினானாம். அப்புறம் தகுதியில்லாத அவனோட அண்ணன் பல நாள் முரட்டுத்தனமா உடம்பப் பிடிச்சுவிட்டதா அக்கம்பக்கத்துல சொல்லுதாவளாம்."

உச்சிமாகாளி, "அப்ப நாந்தான் கொன்னேங்கானுவ" என்றார்.

"நாம மறுப்பு எழுதலாம் அண்ணாச்சி, டைம் குடுத்திருக்காவ. எண்ணெய் தேய்ச்ச பேச்சையே எடுக்க வேண்டாம். அக்கம்பக்கம்னா யாரு, பேரச் சொல்லுன்னு கேப்போம்."

"எடுக்காம எப்படி? அவன் அடிபட்டது எனக்கு எப்படித் தெரியும்?"

"தம்பி சொன்னான்னு…"

"அவன் எங்க சொன்னான்? விழுந்துட்டேன்னுலா சொன்னான். சாவுத வரைக்கும் அதேதான். நான் தொட்டதாலதான் தெரியும். தேய்க்கலன்னா சாட்சியே கெடையாது பாத்துக்கோ."

"அண்ணாச்சி, அது அவங்களுக்குத்தான் தோதாப் போகும்."

"போட்டும். நான் சொல்லுததச் சொன்னபடி எழுது."

சொன்னார். பாறையில் வழுக்கி விழுகிறவனுக்கு எங்கே அடி படும், ஆட்டோ கவிழ்ந்தவனுக்கு எங்கே படும் என்று முதலில் சொன்னார். தேவாவின் இரண்டு உள்ளங்காலும் குதிகாலிலிருந்து விரல்வரை ஒரே அளவில் வீங்கிக் கல்லாக இருந்தன. விழுந்தவனுக்கு அப்படி வீங்காது. இரண்டு தொடையிலும் சதை, கட்டையை வைத்து உருட்டியதுபோல் நசுங்கியிருந்தது. விழுந்தால் முதலில் சிராய்க்கும் முழங்காலில் ஒரு கீறல்கூட இல்லை. பதினோரு நாள் தேய்த்ததையும், எத்தனையாம் நாள் எது வடிந்தது என்பதையும் விடாமல் சொன்னார்.

சாட்சியின் கல்வித் தகுதி என்ற இடம் வந்ததும் சுஜிதா தயங்கினாள்.

"அஞ்சாங்கிளாஸுன்னு போடு. பொய் என்னத்துக்கு?"

இந்தச் சாரல் சீசன் தொடங்கிய வாரம் ஜெனீவாவிலிருந்து பதில் வந்தது. கருத்து பதிவு செய்யப்பட்டது. நேரில் விசாரிக்கும் அதிகாரம் எங்களுக்கு இல்லை. சுதந்திரமான விசாரணை நடத்தும்படி அரசைக் கேட்டிருக்கிறோம்.

"அப்ப யாருதான் விசாரிப்பா?"

"அரசாங்கந்தான் அண்ணாச்சி. விசாரிங்கன்னு இவங்க சொல்லியிருக்காவ."

"யாருகிட்ட?"

"அவங்ககிட்டதான்."

"நான் முரட்டுத்தனமாத் தேய்ச்சேன்னு எழுதுனாவளே, அவுககிட்டயா?"

சுஜிதா தலையாட்டினாள்.

உச்சிமாகாளி நாற்காலியிலிருந்து எழுந்து அவளுடைய அலுவலக வாசல்வரை போனார். அருவியில் தண்ணீர் கொட்டுகிற நாள், ஆட்கள் காத்திருப்பார்கள். கதவைப் பிடித்தபடி கொஞ்சம் நின்றவர், திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சரி, ஜெனீவாவுக்கே எழுது. கேட்டமுன்னு சொல்லுதியளே, அதுக்கு அவுக என்ன பதில் சொன்னாவன்னு கேளு. சொல்லலன்னா, ஏன் சொல்லலன்னு நீங்க கேட்டியளான்னும் கேளு."

சுஜிதா கம்ப்யூட்டரைத் திறந்தாள்.