திருகோணமலை வழியாகப் போன சம்மதம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், போர் காரணமாக யாழ்ப்பாணத்தில் தொலைபேசி இல்லை. நான் ஒரு நிவாரண நிறுவனத்தின் வயர்லெஸ் அறையில் வேலை பார்த்தேன். கொக்குவிலிலிருந்து சைக்கிளில் போய்வருவேன். வெயில் ஏறிவிட்டால் கொழும்பு நேரே கேட்காது, இரைச்சல்தான் வரும். அப்போது நடுவிலுள்ள ஒரு நிலையம் செய்தியை வாங்கித் திருப்பிச் சொல்லவேண்டும். வவுனியா, இல்லாவிட்டால் திருகோணமலை. எதைக் கூப்பிடுவது என்பதை நான்தான் முடிவுசெய்வேன். வவுனியா பக்கத்து அறையில் பேசுவதுபோலக் கேட்கும். பெரும்பாலும் அதையே கூப்பிடுவேன்.

ஒரு நாள் காலை கொழும்பிலிருந்து செய்தி வந்தது. குருநகரிலிருந்து சிகிச்சைக்காகக் கப்பலில் கொழும்புக்கு அனுப்பப்பட்ட கடற்றொழிலாளி ஒருவருக்கு இடதுகாலை எடுக்கவேண்டும். அதுவும் அன்றைக்கே. அவர் கையெழுத்து வைக்க மறுக்கிறார். மனைவி சொன்னால்தான் வைப்பாராம்.

எங்கள் சாரதி போய் அந்த அம்மாவைக் கூட்டிவந்தபோது பதினொரு மணி. செய்தியை வாசித்துக் காட்டினேன். வேறு வழி இல்லையா என்று ஒருமுறை கேட்டார். செய்தியில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை என்றேன். அவர் என் பேனாவைக் காட்டி எழுதச் சொன்னார்.

"ஓம் எண்டு சொல்லுங்கோ. கால் போனால் போகட்டும், ஆள் வந்தால் காணும். இப்பிடியே சொல்லுங்கோ."

வவுனியாக்காரர் நல்ல மனிதர். ஆனால் எதையும் சுருக்குபவர்; ஆள் வந்தால் போதும் என்றதை விட்டுவிட்டு, 'மனைவி சம்மதம்' என்றுதான் அனுப்புவார். அதை அந்த அம்மாவின் கணவர் நம்புவாரா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. திருகோணமலைக்காரர் சொல்லுக்குச் சொல் எழுதுபவர். ஆனால் அன்றைக்கு அவருடைய குரல் வருவதும் போவதுமாக இருந்தது. அவரையே கூப்பிட்டேன்.

ஆறு தடவை சொன்னேன். ஏழாவது தடவை அவர் முழுவதையும் திருப்பிச் சொன்னார். தன் சொற்களை முன்பின் தெரியாத ஓர் ஆணின் குரலில் கேட்ட அந்த அம்மா, "ஓம், அதுதான்" என்று மெல்லச் சொன்னார்.

மூன்று மணிக்கு, கையெழுத்து வைத்துவிட்டார் என்று பதில் வந்தது. அவர் ஊன்றுகோலுடன் கப்பலில் வந்து இறங்கியது மூன்று மாதம் கழித்து.

மறுநாள் காலை, ஆள் பிழைத்துவிட்டார் என்று கொழும்பிலிருந்து செய்தி வந்தது. அன்றைய செய்திகள் முடிந்த பிறகு திருகோணமலைக்காரர், "அந்த ஆள் தப்பினவரோ?" என்று கேட்டார். வயர்லெஸில் சொந்தக் கதை கதைக்கக்கூடாது என்பது விதி. இருந்தாலும், தப்பிவிட்டார் என்றேன். நல்லது என்று சொல்லி வயர்லெஸை அணைத்துவிட்டார்.

அதற்குப் பிறகும் மருந்துப் பட்டியல்களையும் கப்பல் நேரங்களையும் வவுனியா வழியாகவே அனுப்பினேன். யாராவது 'இப்பிடியே சொல்லுங்கோ' என்றால் மட்டும் திருகோணமலையைக் கூப்பிட்டேன்.