என் கணவர் மினுக்கிய குண்டுகள்

சென்ற சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன். பல்கனி மேசையில் ஒரு வெள்ளைத் துவாய் விரித்திருந்தது. அதன்மேல் வரிசை வரிசையாக, விருந்துக்குக் கரண்டி அடுக்கியதுபோல், மகளின் ஈயக் குண்டுகள் மினுங்கிக்கொண்டிருந்தன. பக்கத்தில் என் கணவர். கையில் பழைய டூத் பிரஷ், முகத்தில் பெரிய திருப்தி.

"எப்பிடி இருக்கு?" என்றார்.

எனக்கும் அழகாகத்தான் தெரிந்தது. அதுதான் சோகம்.

எங்கள் வீட்டுக் கதை தெரிந்த பழைய வாசகர்கள் அடுத்த சில பத்திகளைத் தாண்டிப் போகலாம். புதியவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ஒரே மகள் ஜெனி. செயற்கைப் பல் செய்யும் லபோரட்டோரியோ ஒன்றில் வேலை. மிச்ச நேரத்தில் ரிவால்வர் சுடுகிறாள். பயப்படவேண்டாம்... கடதாசியைத்தான். இஞ்சை, இத்தாலியில், பலெர்மோவில் இலக்குச் சுடும் கிளப் ஒன்றில் அங்கத்தவர். லைசென்ஸ், மெடிக்கல், இரும்புப் பெட்டி எல்லாம் முறைப்படி. பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதிக்காக நாங்கள் குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையக வாசலில் கூனிக் குறுகி நின்ற காலம் ஒன்று இருந்தது. அதே வாசலுக்குள் எங்கள் பிள்ளை துவக்கு லைசென்ஸுக்காக நிமிர்ந்து போவாள் என்று யார் நினைத்தது?

கோயிலில் பூசை முடிந்து வெளியே நிற்கும்போது, "பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன் துவக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. "ஆம்பிளைப் பிள்ளைகளுக்கு ஏன்?" என்று திருப்பிக் கேட்பேன். பேச்சு மீன் விலைக்கு மாறிவிடும்.

அவள் கடைக் குண்டு பாவிப்பதில்லை. பிரான்காச்சோவில் சிநேகிதியின் வெல்டிங் பட்டறைக்குப் பின்னால், காற்றோட்டமான இடத்தில், டயர்க் கடைகளில் சில்லிலிருந்து கழற்றிப் போடும் ஈயக் கட்டிகளை உருக்கி அச்சில் வார்க்கிறாள். வாட்கட்டர் என்று பெயர். கூர் இல்லாத, தட்டையான மூக்கு. கூர்க் குண்டு கடதாசியைக் கிழித்துக்கொண்டு போகும். இது பைலுக்குத் துளை போடும் பஞ்ச் மாதிரி, சுத்தமாக ஒரு வட்டம் வெட்டும். புள்ளி எண்ணும்போது சண்டை இல்லை.

அச்சு சரியாகச் சூடேறாவிட்டால் குண்டின் உடம்பில் சுருக்கம் விழுமாம். அப்படியானதைத் திரும்பவும் உருக்கும் சட்டிக்குள் போட்டுவிடுவாள்.

"இதுக்கு என்ன குறை? எனக்கு ஒண்டும் தெரியேல்லையே" என்று ஒருமுறை கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியாது அம்மா. ரிவால்வருக்குத் தெரியும்" என்றாள்.

இப்படிப்பட்ட பிள்ளை சுடுவதை அவளுடைய அப்பா ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை. காரணத்தை எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. யுத்த காலத்தில் மன்னாரில் துவக்குச் சத்தத்தைக் கேட்டு ஓடத் தொடங்கியவர், பலெர்மோவில் வந்துதான் நின்றார். புதுவருட வெடிக்கே குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்துகிற மனிதர். மகளைத் தடுக்கவில்லை. ஆனால் பார்க்கவும் போகவில்லை. அவள் குறை சொன்னதில்லை. அவள் மனதுக்குள் அது முள்ளாகக் கிடந்தது எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் போட்டி. சிசிலி முழுவதற்குமான பந்தயத்துக்கு அணியைத் தெரிவு செய்யும் நாள். வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மேசையில் ஜெனி மெதுவாகக் கேட்டாள்.

"அப்பா, இந்த முறையாவது வாறியளா?"

"பாப்பம்" என்றார். எங்கள் வீட்டில் 'பாப்பம்' என்றால் இல்லை என்று அர்த்தம்.

இல்லை என்று சொன்ன மனது சும்மா இருக்குமா? சனிக்கிழமை, ஞாயிற்றுப் போட்டிக்கென்று அவள் தெரிந்தெடுத்து வைத்திருந்த குண்டுகளின் டின் அவர் கண்ணில் பட்டது. திறந்து பார்த்தால் எல்லாவற்றிலும் பழுப்பாக, பிசுபிசுவென்று ஏதோ ஒட்டியிருக்கிறது. மனிதர் பல வருடமாக ஒரு பணக்காரச் சின்யோரா அம்மாவின் வீட்டில் வெள்ளிச் சாமான் துலக்குகிறவர். மங்கலாக ஒன்றைக் கண்டால் கை சும்மா இருக்காது. மகளுக்காக ஏதாவது செய்யவேண்டும் என்ற அந்தரமும் சேர்ந்துகொண்டது. சுடுதண்ணீர், சோப், பிரஷ்...

பல்லரோச் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு ஜெனி வந்தாள். துவாயைப் பார்த்தாள். பையைக் கீழே வைத்தாள். கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கத்தவில்லை.

"அப்பா, அது அழுக்கில்லை. மெழுகு. நான் பூசினது."

"மெழுகோ? ஏன்?"

"வெறும் ஈயம் ரிவால்வர்க் குழாய்க்குள்ளாலை போனா உள்ளுக்கு ஈயம் ஒட்டிப் பிடிச்சிடும். பிறகு குண்டு நினைச்ச இடத்துக்குப் போகாது. மெழுகு இருந்தாத்தான் வழுக்கிக்கொண்டு போகும்."

கணவர் பிரஷைப் பார்த்தார். பிறகு குண்டுகளைப் பார்த்தார்.

"கடையிலை வாங்கேலாதோ பிள்ளை?"

"வாங்கலாம். ஆனா என்ரை ரிவால்வரின்ரை குறி இந்தக் குண்டுக்குத்தான் சரி பண்ணிக் கிடக்கு. மெழுகும் பட்டறையிலை. பட்டறை இப்ப பூட்டு."

பிறகு அவர் எழும்பிப் போய்த் தன் வேலைப் பையைத் துழாவி ஒரு டப்பாவுடன் வந்தார். சின்யோராவின் பழைய மேசைகளுக்குப் பூசுவதற்காகத் தானே வாங்கி வைத்திருக்கும் மெழுகு.

"இது ஆகுமோ?"

ஜெனி மணந்து பார்த்தாள். டப்பாவின் பின்பக்கத்தை வாசித்தாள். "தனித் தேன்மெழுகு" என்றாள். எங்கள் வீட்டில் மூச்சு திரும்பி வந்தது அப்போதுதான்.

பிறகு நடந்தது பாதி சமையல், பாதி செபம். குண்டுகளைத் தட்டில் நிமிர்த்தி நிறுத்தி, மெழுகை வாஸ்லீனோடு உருக்கி, அவற்றின் இடுப்பளவுக்கு ஊற்றி, ஆறவிட்டு, ஒவ்வொன்றாகத் தள்ளி எடுக்கவேண்டும். தட்டு? நான் தொதல் இனிப்புக் கிண்டி ஊற்றும் தட்டுத்தான். ஈயம் பட்ட பாத்திரம் இனிச் சமையலுக்கு ஆகாது என்று ஜெனி முன்கூட்டியே சொன்னாள். தலையாட்டினேன். வேறு என்ன செய்ய?

அப்பாவுக்கும் கையுறை கொடுத்து, தள்ளி எடுக்கும் வேலையைக் கொடுத்தாள். பிசுபிசுப்போடு வெளியே வந்த ஒவ்வொரு குண்டையும் அவர் துடைக்காமல் வைத்த பாடு இருக்கிறதே... அந்த மனிதரின் பொறுமையை அன்றைக்குத்தான் முழுதாகக் கண்டேன்.

அதன் பிறகு ஜெனி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெடிமருந்து நிரப்பித் தோட்டா முடிக்கும்போது யாரும் கிட்டப் போகக்கூடாது, கதைக்கவும் கூடாது. வெளியே வந்தவள், "இந்த மெழுகோடை ஒருக்காலும் சுட்டுப் பாக்கேல்லை. நாளைக்குத்தான் தெரியும்" என்றாள்.

ஞாயிறு காலை நான் வெளிக்கிட்டு நின்றேன். சப்பாத்துப் போட்டுக்கொண்டு கணவரும் வந்து நின்றார்.

"எங்கை?" என்றேன்.

"பிழை விட்டவன் நான். நான் வராமல்?"

கிளப்பில் அவர் காதுக்குள் பஞ்சு, அதற்குமேல் அங்கே கொடுத்த காது மூடி. முதல் வெடிக்கு என் மணிக்கட்டைப் பிடித்தார். கடைசி வெடி வரை விடவில்லை. கண் நிலத்தைப் பார்த்தபடி. ஆனால் எழும்பிப் போகவில்லை. அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அவர் இருந்தார். நான் சொல்கிறேன், அன்றைக்கு அங்கே நடந்த பெரிய காரியம் அதுதான். எனக்கு இரண்டு பேரையும் நினைத்துப் பெருமை தாங்கவில்லை.

கடதாசி கைக்கு வந்தது. கறுப்பு வட்டத்தின் நடுவில் துளைகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு. அவர் மூக்குக்குக் கிட்டே பிடித்து ஓரங்களை ஆராய்ந்தார்.

"ஒரு பிசிர் இல்லை" என்றார்.

அணியில் ஜெனியின் பெயர் இருந்தது. எங்கள் நீளமான குடும்பப் பெயரைச் செயலாளர் தடக்குப்படாமல் வாசித்து முடித்ததற்கே நான் கை தட்டினேன்.

பிள்ளைகளிடம் எங்கள் கண்ணுக்கு ஒட்டாததாகத் தெரிகிற எத்தனையை நாங்கள் தேய்க்கப் பார்க்கிறோம். அவர்களின் பேச்சு, சிநேகிதம், விருப்பம்... அன்பினால்தான். ஆனால் பிரஷை எடுக்குமுன் ஒரு வார்த்தை கேட்டால் குறைந்தா போவோம்?

கிளப் மேசையில் ஜெனி ரிவால்வரை வெறுமையாக்கி, திறந்து, அப்பாவின் முன் வைத்தாள். சுட்ட கரி, மெழுகுப் புகை, எல்லாம் அப்பிக் கிடந்தது. ஆயுதம் என்றாலே எட்டி நிற்கும் மனிதர் அதைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவள் துணியையும் குழாய் துடைக்கும் கோலையும் நீட்டினாள்.

"இப்ப துடையுங்கோ, அப்பா."

அவரைப்போல் துடைக்க அந்தக் கிளப்பில் வேறு ஆள் இல்லையாம். கோயில் வாசலில் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிவது அவரேதான்.