ஒரு ஈரலுக்கு இரண்டு சமையலறை

குஷன்காரருக்கு ரத்தத்தைக் கண்டால் கண்ணை இருட்டிக்கொண்டு வரும். விரல் நுனியில் ஊசி குத்துவதற்கே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிற ஆள். அப்படிப்பட்டவரிடம், "உங்க ஈரல்ல பாதிக்கு மேல வெட்டி எடுத்து உங்க அக்காவுக்கு வைக்கணும், சம்மதமா?" என்று மருத்துவமனையில் கேட்டார்கள். கேள்வி முடிவதற்குள் தலையாட்டிவிட்டார். இதைத் தியாகம் என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். பாசமும் இருந்தது, பொய்யில்லை. ஆனால் அவர் தலையாட்டாத கேள்வி என்று ஒன்றை அதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை என்பதையும் சொல்லித்தானே ஆகவேண்டும்?

பஸ்ஸுக்கும் காருக்கும் சீட் தைப்பது அவருடைய தொழில். தகரக் கூரை போட்ட பட்டறை. உள்ளே ஒரு தையல் மிஷின், ரெக்சின் சுருள்கள், ஆள் உயரத்துக்கு அடுக்கிய ஃபோம். கிழிந்த உறையை உரித்து, நைந்த ஃபோமைப் பிடுங்கி, புதுசை வெட்டி ஒட்டி, புது உறையை இழுத்து மாட்டுவார். குண்டுப் பையனுக்குக் கால்சட்டை போட்டுவிடுவது போலிருக்கும். பஸ் முதலாளி வந்து, "கெட்டியா இருக்கட்டும், அஞ்சு வருஷம் உழைக்கணும்" என்பார். தலையாட்டுவார். பின்னாலேயே டிரைவர் வந்து, "மெத்துனு வைங்க, இடுப்பு போகுது" என்பார். அதற்கும் தலையாட்டுவார். கெட்டி ஃபோமை அடியில் வைத்து, மெத்து ஃபோமை அதன்மேல் ஒட்டி, உறையை மாட்டிவிடுவார். முதலாளி கையால் அமுக்கிப் பார்ப்பார், டிரைவர் உட்கார்ந்து பார்ப்பார், இரண்டு பேருக்கும் திருப்தி. இப்படியே முப்பது வருடம் ஓட்டியாயிற்று. யாரோடும் சண்டையில்லை.

அக்கா அப்படியில்லை. மருந்துக் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருந்தவள். தெருவில் பாதிப் பேருக்குச் சர்க்கரை மாத்திரை எடுத்துக் கொடுத்தவள் அவள்தான். தன்னுடைய மாத்திரையை மட்டும் ஞாபகம் வந்தால் போட்டுக்கொள்வாள். சர்க்கரை ஒருபக்கம் ஏற, ஈரலில் கொழுப்பு இன்னொரு பக்கம் ஏறி, கடைசியில் ஈரல் கல்லாகச் சுருங்கிவிட்டது. வாழ்நாளில் ஒரு மிடறு குடித்தவளில்லை. இருந்தும் தெரு நம்பவில்லை. "சும்மா கெடுமா ஈரலு?" என்று நலம் விசாரிக்க வந்தவர்களே வாசலில் நின்று பேசிவிட்டுப் போனார்கள். அக்காவின் காதில் விழுந்தது. "ஆமா, ராத்திரி கல்லாவுக்கு அடியில இருமல் மருந்து குடிப்பேன்னு சொல்லு" என்று உள்ளேயிருந்தே குரல் கொடுத்தாள்.

பிள்ளை குட்டி இல்லை. அவள் புருஷனுக்கு ரத்த வகை சேரவில்லை. தம்பிக்குச் சேர்ந்தது. எல்லாம் கூடிவந்த நேரத்தில் தம்பியின் ஈரலைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். அதிலும் கொழுப்பு.

"பதினெட்டு சதவீதம் இருக்கு" என்றார் டாக்டரம்மா. "பத்துக்குக் கீழ வந்தாத்தான் கை வைப்பேன். சர்க்கரையும் எட்டிப் பாக்குது. ஒரு மாசம் தர்றேன், குறைச்சுட்டு வாங்க. உங்க அக்காவுக்கு அதுக்குமேல ரொம்ப நாள் காத்திருக்க முடியாது."

எதைச் சாப்பிட்டுக் குறைப்பது என்று விளக்க ஆலோசகர் ஒருவர் இருந்தார். அன்றைக்கு அவர் விடுப்பு. அந்தக் குறையை வீட்டிலேயே இரண்டு பேர் தீர்த்துவைத்தார்கள்.

ஒருவர் அத்தான், அக்காவின் புருஷன். ஓய்வுபெற்ற மின் கணக்கீட்டாளர். ஓய்வுபெற்ற நாளிலிருந்து செல்போனில் மருத்துவம் படித்துக்கொண்டிருப்பவர். "மாப்ளே, எதிரி யாருன்னு தெரியுமா? மாவுச்சத்து. சோறு, ரொட்டி, கிழங்கு, பழம் எல்லாம் உள்ள போனதும் சர்க்கரை. அதுதான் ஈரல்ல கொழுப்பாப் படியுது. முட்டை சாப்பிடு, கறி சாப்பிடு, வெண்ணெய் சாப்பிடு. கொழுப்பைக் கொழுப்பாலதான் எரிக்கணும்."

இன்னொருவர் மனைவி. அவள் வேலை பார்க்கும் அலுவலகத்தில் ஒரு மேலதிகாரிக்கு எண்ணெயைத் துறந்து ஈரல் சுத்தமான வரலாறு உண்டு. "இது என்னங்க கூத்து? ஈரல்ல இருக்கிறதே கொழுப்பு. அதுமேல போய் வெண்ணெயை ஊத்துவாங்களா? தீட்டாத அரிசி, பருப்பு, அவிச்ச கிழங்கு, பழம். ஒரு சொட்டு எண்ணெய் கூடாது. வயித்துக்கும் நிம்மதி, ஈரலுக்கும் நிம்மதி."

குஷன்காரர் இருவருக்கும் தலையாட்டினார்.

பட்டறைக்கு இரண்டு வீடு தள்ளித்தான் அக்கா வீடு. மதியம் அங்கே போய் அக்காவைப் பார்க்காமல் இருக்க முடியாது. போனால் அத்தான் தட்டை வைத்துவிடுவார்: நாலு முட்டை, வெண்ணெயில் வறுத்த கறி, மேலே பாலாடைக்கட்டி. காலையில் அவர் பட்டறைக்குக் கிளம்பும்போதே மனைவி கொஞ்சம் பெரிய டப்பாவாகப் பார்த்துத்தான் கட்டிக் கொடுத்திருப்பாள்: சோறு, பருப்பு, ஒரு கிழங்கு மலை, இரண்டு வாழைப்பழம். பொண்டாட்டி விடியலில் எழுந்து சமைத்ததைக் கொட்டலாமா? அத்தான் நின்றுகொண்டே பரிமாறுவதைத் தள்ளலாமா? டப்பாவைப் பட்டறையில் காலி செய்துவிட்டு அத்தான் வீட்டுக்குப் போனார். அத்தான் தட்டைக் காலி செய்துவிட்டு வீட்டுக்கு வந்தார். ராத்திரி வீட்டில் ஓட்ஸ் கஞ்சி, பெரிய சட்டியில்.

"வெளில எதுவும் சாப்பிடலைல்ல?" என்பாள் மனைவி.

"நீ சொன்னதுதான்."

"சோறு தொடலையே?" என்பார் அத்தான்.

"நீங்க சொன்னதுதான் அத்தான்."

இரண்டும் பொய்யில்லை என்பதுதான் இதில் விசேஷம். அடியில் கெட்டி, மேலே மெத்து. இரண்டு மருந்தும் சேர்ந்து இரண்டு பங்கு வேலை செய்யும் என்று அவர் உள்ளுக்குள் ஒரு கணக்கும் போட்டுவைத்திருந்தார். பேன்ட் இடுப்பில் இறுக்கியபோது, சலவைக்காரர் சுருக்கிவிட்டார் என்று நினைத்துக்கொண்டார்.

மாதம் முடிந்தது. மறுபடி படம் எடுத்தார்கள். முடிவைக் கேட்க அக்காவைத் தவிர எல்லாரும் மாடிக்குப் போனார்கள். அக்கா கீழே சக்கர நாற்காலியில் இருந்தாள். வயிற்றில் நீர் கோத்து, கால் வீங்கி, அவளுக்கு மாடி ஏறத் தெம்பில்லை.

டாக்டரம்மா திரையையும் குஷன்காரரையும் மாறி மாறிப் பார்த்தார். "இருபத்தஞ்சு. ஏறியிருக்கு. எடையும் ஏறியிருக்கு. என்னதான் சாப்பிட்டீங்க?"

குஷன்காரர் வாயைத் திறக்குமுன் அத்தான் முந்திக்கொண்டார். "வாய்ப்பே இல்லீங்க டாக்டர். என் கையால பரிமாறினேன். ஒரு பருக்கை சோறு உள்ள போகலை."

"என்னண்ணா சொல்றீங்க?" என்றாள் மனைவி. "தினம் டப்பா நிறைய சோறு கட்டினேன். வழிச்சுத் தின்னுட்டு வந்தாரு. ஒரு சொட்டு எண்ணெய் தொடலை டாக்டர்."

"எண்ணெய் தொடலையா? தினமும் வெண்ணெய்ல குளிக்கிறான் தங்கச்சி அவன்!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு சேர்ந்து குஷன்காரரைப் பார்த்தார்கள். அவர் தரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"சரி, நீங்களே சொல்லுங்க டாக்டர், ரெண்டுல எது சரி?" என்றார் அத்தான். அந்த நேரத்திலும் அவருக்கு அதுதான் தெரியவேண்டியிருந்தது.

"ரெண்டுலயும் ஈரல் கொழுப்பு குறையுதுங்க. சாப்பிடுற மொத்த அளவும் குறையணும், ஒண்ணைப் பிடிச்சா அதையே பிடிச்சுக்கணும். யாருக்கு எது ஒத்துவரும்னு பாத்துச் சொல்லத்தான் நாங்க இருக்கோம்." டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "மாவையும் வெண்ணெயையும் ஒண்ணாப் போட்டு உள்ள தள்ளினா அதுக்குப் பேரு டயட் இல்ல. கேக்."

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

கீழே வந்து அக்காவிடம் யார் சொல்வது என்று மூவரும் படியில் நின்று யோசித்தார்கள். அவள் முகங்களைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். நடந்ததை முழுதாகச் சொல்லவைத்தாள்.

"டேய், இனிமே உன் பொண்டாட்டி போடுறதை மட்டும் தின்னு. அதுவும் பாதி."

"ஏம்மா, மாவுச்சத்துதானே..." என்று ஆரம்பித்தார் அத்தான்.

"நீங்க சும்மா இருங்க. எது நல்லதுன்னு பாத்துச் சொல்லலை. அவன் காலம் பூரா குடித்தனம் பண்ணப்போறது அவளோடதான், அதுக்காகச் சொன்னேன்."

மனைவி இந்த முறை ஆலோசகரை நேரில் பார்த்து, அளவு கேட்டு, தராசு வாங்கினாள். மதியம் அக்கா வீட்டுக்குப் போனால் குஷன்காரர் வெறும் தண்ணீர் குடித்தார். அத்தான் எதிரே உட்கார்ந்து தனியாக முட்டை சாப்பிட்டார். சாயங்காலம் பட்டறையைப் பூட்டிவிட்டு குஷன்காரர் வேகமாக நடந்தார், மூச்சிரைக்க, தெருவே பார்க்க. இடுப்பில் பேன்ட் கழன்றது. இந்தத் தடவை சலவைக்காரரை அவர் நினைக்கவில்லை.

மறுபடி படம் எடுத்தபோது ஆறு சதவீதம் இருந்தது. "ரொம்ப நல்லா குறைச்சிருக்கீங்க" என்றார் டாக்டரம்மா. சொல்லும்போது அவர் திரையைப் பார்க்கவில்லை, முகத்தையும் பார்க்கவில்லை.

அக்காவை அதற்கு முன்தினம்தான் தீவிர சிகிச்சைக்கு மாற்றியிருந்தார்கள். வயிற்றில் தேங்கிய நீரில் கிருமி புகுந்து ரத்தத்துக்குப் பரவிவிட்டது. இப்போதைக்கு அறுவை செய்ய முடியாது என்றார்கள். சாயங்காலம் சொன்னபோது அந்த 'இப்போதைக்கு' இல்லை.

ஒருவரை மட்டும் உள்ளே விட்டார்கள். குஷன்காரர் போனார். அக்காவின் கண்கள் மஞ்சளாக இருந்தன. ஆனால் ஆளை அடையாளம் தெரிந்தது.

"எவ்வளவு?"

"ஆறுக்கா."

"பரவால்லையே. கணக்குல நீ எடுத்த மார்க்கு மாதிரியே இருக்கு."

அவர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அக்கா, தப்பு பண்ணிட்டேன்க்கா."

"ஆமா." அவள் அதை மறுக்கவில்லை. "கோவமில்லைன்னு சொல்லுவேன்னு பாக்காத. கோவமாத்தான் இருக்கு. ரெண்டு வீட்டுலயும் நல்ல பேர் எடுக்கப் பாத்தியே, அந்த ஒரு மாசம் என்னோடதுடா."

பிறகு வாய் உலர்கிறது என்றாள். நனைத்த பஞ்சால் உதட்டைத் துடைத்துவிட்டார். இரண்டாம் நாள் விடியலில் போய்விட்டாள்.

துக்கம் விசாரிக்க வந்தவர்களில் தூரத்து உறவினர் ஒருவர். அவருக்கும் சர்க்கரை, அவருக்கும் ஈரலில் கொழுப்பு. மரியாதைக்குக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, குஷன்காரர் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உங்களுக்கு நல்லா குறைஞ்சிடுச்சாமே? எந்த முறை?"

"எண்ணெய் இல்லாத சாப்பாடு" என்றாள் மனைவி, அழுத குரலில்.

"அதுக்கு முன்னாடி ஒரு மாசம் நம்ம முறையும் இருந்துச்சு. அது உள்ளயே வேலை செஞ்சிருக்கும்" என்றார் அத்தான். கண் சிவந்திருந்தது, மனைவியை இழந்த மனிதர், இருந்தும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

உறவினர் இருவரையும் விட்டுவிட்டு குஷன்காரரையே பார்த்தார். "நீங்க சொல்லுங்க. அனுபவிச்சவரு."

குஷன்காரருக்குத் தலை ஆடவில்லை. எழுந்து அக்காவின் அறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். வலது விலாவுக்குக் கீழே, ஈரல் இருக்கும் இடத்தில் கையை வைத்துப் பார்த்தார். முழுசாக இருந்தது.