வெறும் வயிற்றில் ஒரு மணி நேரம்

பங்குனி வெயிலில் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்ற ஒரே ஆள் நான்தான். பார்த்தவர்கள் ஊட்டிக்குப் போகிறவன் என்று நினைத்திருக்கலாம். நான் போனது அரியலூருக்கு. சிமெண்ட் லாரிகளை ஏற்றி நிறுத்தும் எடைமேடையில் சீட்டு போட்டுக் கொடுப்பது என் வேலை.

அந்த வருடம் நானும் ஒரு லோடு ஆகியிருந்தேன். எண்ணெயை நிறுத்தினேன், இரவுச் சோற்றை நிறுத்தினேன், உடம்பு மட்டும் நிற்காமல் ஏறியது. லாரி டிரைவர் ஒருவர் கண்ணாடிச் சன்னலைத் தட்டிச் சொன்னார்: "அண்ணே, நீங்க கொஞ்சம் தள்ளிப் போய் நின்னு எடை போடுங்க. வண்டிக்கு ஓவர்லோடு காட்டுது." பதில் யோசிப்பதற்குள் தூங்கிவிட்டேன்.

முதலாளியின் கத்தல் தாங்காமல்தான் டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்தேன். ரிப்போர்ட்டில் டி.எஸ்.ஹெச். என்று ஒரு எழுத்துக்கூட்டம், பக்கத்தில் தடித்த எழுத்தில் ஒரு பெரிய எண். இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு. பரீட்சையில் கூட அவ்வளவு வாங்கியதில்லை. டாக்டரம்மாவிடம் பெருமையாகவே நீட்டினேன்.

"தைராய்டு ரொம்ப ஜாஸ்தியா சுரக்குதுங்களா?"

"இல்ல சார், கம்மியா சுரக்குது. நீங்க வேலை நேரத்துல தூங்கினா முதலாளி என்ன பண்ணுவார்?"

"கத்துவாருங்க."

"தைராய்டு தூங்குது, மூளை கத்துது. அந்தக் கத்தல்தான் இந்த நம்பர்."

எடைமேடையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாலே தெரியும் போலிருக்கிறது.

மாத்திரை எழுதினார். எழுந்ததும் வெறும் வயிற்றில், தண்ணீரோடு. அதன் பிறகு ஒரு மணி நேரம் எதுவும் கூடாது.

"டீ?"

"டீயும்தான்."

"அரை கிளாஸ்?"

"சார்!"

முப்பது வருடமாகப் படுக்கையை விட்டு இறங்குவதற்கு முன் டீ குடித்து வளர்ந்த உடம்பு இது. மாத்திரையை விழுங்கிவிட்டு, மனைவி தன் டம்ளரை ஆற்றி ஆற்றிக் குடிப்பதைச் சுவரோரம் நின்று பார்ப்பேன். அதற்குப் பயந்து சீக்கிரமே பஸ் ஸ்டாண்டுக்குப் போனால், அங்கே கடைக்காரர் பால் கொதிக்க வைத்துக்கொண்டிருப்பார். எங்கே ஓடினாலும் ஏலக்காய் வாசம் முன்னால் வந்து நிற்கும்.

தப்பிக்க ஒரே வழியாகக் கல்லங்குறிச்சிப் பெருமாளிடம் போனேன். ரத்தம் நார்மல் ஆகட்டும், மொட்டை போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். வியாதி பாதி முடியை ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தது. மிச்சத்தைத்தான் பெருமாளுக்குப் பேசியிருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி ரத்தம். நார்மல்! தடித்த எழுத்தே இல்லை. டாக்டரம்மாவிடம் காட்டக்கூடப் பொறுக்கவில்லை. மனைவியோடு பஸ் ஏறிப் போய் மொட்டை போட்டு, சந்தனம் பூசி, எடைமேடை முழுவதற்கும் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தேன்.

"மாத்திரை?" என்றாள் மனைவி.

"வேண்டுதலை முடிச்சாச்சு. இன்னும் மாத்திரை போட்டா சாமிய நம்பலைன்னு ஆயிடும்."

மறுநாள் காலை, கட்டிலில் உட்கார்ந்தபடி டீ குடித்தேன். அந்த டீயின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

சில வாரங்களில் மறுபடி குளிரெடுத்து ஸ்வெட்டரைத் தேடினேன். மொட்டைத் தலைக்கு மப்ளரும் சேர்ந்துகொண்டது. சீட்டு போடும்போது தலை மேசையில் விழுந்தது. மறுபடி ரத்தம், மறுபடி தடித்த எழுத்து.

டாக்டரம்மா என் தலையையும் ரிப்போர்ட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மாத்திரை போட்டதாலதான் சார் நார்மல். வியாதி போனதால இல்ல."

"அப்ப எப்பங்க நிறுத்தலாம்?"

"நிறுத்த வேண்டியதில்ல."

எவ்வளவு மென்மையாக ஆயுள் தண்டனை கொடுக்கிறார்கள்!

வீட்டுக்கு வந்து, "பெருமாள் ஏமாத்திட்டாரு," என்றேன்.

"நார்மல் ஆவணும்னுதான கேட்டீங்க? ஆக்கிக் குடுத்தாரு. மாத்திரைய நிறுத்தணும்னு அவருகிட்ட கேட்டீங்களா?" என்றாள் மனைவி. பெருமாள் உட்பட எல்லாரும் மாத்திரையின் பக்கமே சேர்ந்துகொண்டார்கள்.

இப்போது ரத்தம் மறுபடி நார்மல். முடி முளைத்துவிட்டது, டிரைவர்களுக்குப் பதில் சொல்லுமளவு விழித்திருக்கிறேன். யாரிடமும் எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை. ஐந்து மணிக்கு மாத்திரை, ஆறு மணிக்கு பஸ். இடையில் டீக்கடை.

கடைக்காரர் எனக்கென்று ஒரு கிளாஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருப்பார்.

"ஆச்சாண்ணே?"

"இன்னும் அஞ்சு நிமிஷம்."

அவர் வடிகட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு காத்திருப்பார். இன்றும் சரியாக ஆறு மணிக்குப் பாலை மேலே தூக்கினார். அரியலூர் பஸ் ஹாரன் அடித்தது.