ஐஸ்லாந்தில் மாப்பிள்ளை வீடு பார்த்தோம்

என் அக்கா மகளுக்கு ஐஸ்லாந்திலிருந்து வரன் வந்தபோது, அந்த நாடு கிழக்கே இருக்கிறதா மேற்கே இருக்கிறதா என்றுகூட எனக்குத் தெரியாது. மாப்பிள்ளையைப் பெற்றவர்கள் என்னவோ திண்ணனூர் நாட்டுக்காரர்கள்தான். எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அதற்கு நாடு என்று பெயர். எங்கள் அரியூர் நாட்டிலிருந்து காலையில் கிளம்பினால் நடந்தே போய்விடலாம். மிளகுக்கொடி, பலாமரம், இரண்டு எருமை, ஓட்டு வீடு என்று குறை சொல்ல ஒன்றுமில்லாத குடும்பம். பையன் தோட்டக்கலை படித்துவிட்டு அந்த ஊரில் கண்ணாடி வீட்டுக்குள் தக்காளி பயிர் செய்கிறான் என்றார்கள்.

"தக்காளி போடறதுக்கு அத்தனை தூரம் போகோணுமா? ஒட்டன்சத்திரம் போயிருந்தா ஆகாதா?" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. அக்கா மகள் மட்டும் சமையலறையிலிருந்து எட்டி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

அவளுக்கு மூன்று வயதாக இருக்கும்போது அவள் அப்பா இறந்துபோனார். அக்காவையும் அவளையும் நான்தான் என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அது வேறு சங்கதி. நான் வளர்த்தேன் என்று ஊரில் சொல்வார்கள். கொஞ்ச வருஷமாக அவள்தான் என்னை வளர்க்கிறாள். என் மாத்திரை எது, மிளகை எப்போது விற்பது, எந்தச் சட்டையை இனிமேல் போடக்கூடாது என்பதெல்லாம் அவள் முடிவு. அந்தப் பையனோடு அவள் போனில் பேசிக்கொண்டிருந்தாள் என்பதும் ஊருக்கே தெரியும். தெரியாத மாதிரி இருந்தோம்.

எங்கள் பக்கம் தாய்மாமன் சம்மதம் சொல்லாமல் பரிசம் போட மாட்டார்கள். சொல்ல வேண்டியவன் நான். எனக்கு வாய் வரவில்லை. காரணத்தை இப்போது மறைக்க ஒன்றுமில்லை. அவள் போய்விட்டால் அந்த வீட்டில் நானும் அக்காவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்குப் பயமாக இருந்தது. ஐம்பத்தெட்டு வயது ஆள் அதை வெளியே சொல்ல முடியுமா? அதனால் பூகோளத்தைப் பிடித்துக்கொண்டேன்.

வீடு பார்ப்பதில் எங்களுக்கு ஒரு முறை உண்டு. பெண் எந்த வீட்டில் விளக்கேற்றப் போகிறாளோ அந்த வீட்டைப் பார்க்க வேண்டும். அதையும் நல்ல காலத்தில் பார்க்கக் கூடாது. கிணற்றைச் சித்திரையில் பார்க்க வேண்டும், கூரையை ஐப்பசியில் பார்க்க வேண்டும். இரண்டு வீட்டாரும் கூடியிருந்த இடத்தில் நான் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்: திண்ணனூர் வீட்டில் அவள் விளக்கேற்றப் போவதில்லை, ஐஸ்லாந்து வீட்டைத்தான் பார்க்க வேண்டும், அதுவும் அந்த ஊரின் ஆக மோசமான மாதத்தில்.

ஊர்க்கவுண்டர் தலையை ஆட்டி, "முறைன்னா முறைதானுங்க. மாமன் சொல்றதுல தப்பே இல்லீங்க" என்றார். கூட்டத்தில் ஒருவரிடமும் பாஸ்போர்ட் இல்லை. விஷயம் முடிந்தது என்று அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மறுநாளே பையனிடமிருந்து பதில் வந்துவிட்டது. "வாங்க மாமா, போன்லயே ஊட்டைக் காட்டறேன். மார்கழியில பாருங்க. இங்க அதுதான் ரொம்ப மோசமுங்க." மோசமான மாதத்தை அவனே எடுத்துக் கொடுத்தது எனக்குப் பிடிக்கவில்லை.

மார்கழி வரைக்கும் நான் படித்தேன். பள்ளிக்கூடத்தில்கூட அப்படிப் படித்ததில்லை. பழைய நிலப்படப் புத்தகம் ஒன்றை இரவல் வாங்கினேன். செல்போனில் தேடித் தேடிப் படித்தேன். முதல் ஏமாற்றம், பெயரில் ஐஸ் இருக்கிறதே தவிர நாட்டில் பத்தில் ஒரு பங்குதான் பனிப்பாளம். தெற்கேயிருந்து ஒரு வெதுவெதுப்பான கடல் நீரோட்டம் வந்து கரையைச் சுற்றிக்கொண்டு போவதால் குளிரும் நான் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. கொஞ்ச நாள் அந்த நீரோட்டத்தின் மேல் எனக்குக் கடுமையான கோபம் இருந்தது.

பிறகுதான் நல்ல சேதி கிடைத்தது. அந்தத் தீவு பூமியின் மேலோட்டில் இரண்டு பாறைப் பாளங்கள் சேரும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. பாளங்கள் ஆளுக்கொரு பக்கமாக நகர்கின்றன. விரல் நகம் வளர்கிற வேகத்தில் நாடே நடுவில் பிளந்துகொண்டிருக்கிறது. கையில் புத்தகத்தோடு அக்காவிடம் ஓடினேன்.

"அக்கா, அந்த ஊரு ரெண்டா பொளந்துக்கிட்டு இருக்குது!"

அக்கா மரவள்ளிக் கிழங்கின் தோலை உரித்துக்கொண்டே, "அவுங்க ஊடு எந்தப் பக்கம்னு கேளு சாமி. ரெண்டு பக்கமும் பட்டா இருந்தா நல்லதுதான்" என்றாள்.

மார்கழியில் வீடு பார்க்கும் நாள் வந்தது. எங்கள் ஊரில் அறுபடாமல் பேசுகிற அளவுக்கு டவர் கிடைப்பது தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே மட்டும்தான். இரண்டு குடும்பமும் ஊர்க்கவுண்டரும் நல்ல துணி உடுத்திக்கொண்டு தொட்டியடியில் நின்றோம். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்குக்கூட இருந்தது. யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் அக்கா அதைத் தொட்டிக் காலடியில் வைத்தாள். எங்களுக்குப் பிற்பகல் மூன்றரை. அங்கே காலை பத்து மணி என்று சொல்லியிருந்தார்கள். பையன் போனில் வந்தான். அவனுக்குப் பின்னால் கும்மிருட்டு.

ஊர்க்கவுண்டர் என் காதோரம் குனிந்தார். "ஏனுங்க, பத்து மணிங்கறாரு. இருட்டா இருக்குதுங்களே."

எனக்கு உச்சி குளிர்ந்தது. "தம்பி, அங்க இப்ப காலையா ராத்திரியா? உண்மையைச் சொல்லுங்க."

"காலைதானுங்க மாமா. இந்த மாசம் பதினோரு மணிக்கு மேலதான் விடியும். மூணரைக்கெல்லாம் பொழுது போயிரும்."

கூட்டத்தில் பெரிய சலசலப்பு. நாலு மணி நேரம் மட்டும் வெயில் அடித்தால் மிளகை எப்படிக் காயவைப்பது என்று திண்ணனூர்க்காரர்களே கவலைப்பட்டார்கள். பையன் அசரவில்லை. போனை எடுத்துக்கொண்டு கண்ணாடி வீட்டுக்குள் போனான். உள்ளே மஞ்சள் விளக்குகள் பளீரென்று எரிய, உத்தரம் உயரத்துக்குத் தக்காளிக் கொடிகள், கொத்துக் கொத்தாகப் பழம். பூமிக்குள்ளிருந்து கொதித்து வருகிற தண்ணீரைக் குழாயில் விட்டுச் சூடேற்றுகிறார்கள் என்றான். ஒரு மூலையில் வாழைமரம் நின்றது. சத்தியமாக வாழைமரம்.

"வாழை இருக்குதா கண்ணு? அப்ப எலை போட்டுச் சாப்புடலாம்" என்று அக்கா அந்த இடத்திலேயே பாதி சம்பந்தியாகிவிட்டாள்.

பாம்பு உண்டா என்று யாரோ கேட்டார்கள். தீவு முழுக்கப் பாம்பே கிடையாது என்றான். நல்ல சேதிதான். ஆனால் ஊர்க்கவுண்டரின் முகம் வாடிவிட்டது. பாம்பில்லாத ஊரில் புற்று ஏது, புற்றில்லாத ஊரில் சாமி எங்கே குடியிருக்கும் என்பது அவர் கவலை. பையன் கொஞ்சம் யோசித்தான். பிறகு, அங்கே சில பாறைகளுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஆட்கள் வசிப்பதாக நம்புகிறவர்கள் உண்டு, அப்படிப்பட்ட பாறைக்காக ரோட்டையே வளைத்துப் போட்ட இடமும் இருக்கிறது என்றான். எழுபது கொண்டை ஊசி வளைவுக்கு மேலே குடியிருக்கிற எங்களுக்கு ரோட்டை வளைத்துப் போடுவதற்கு வேறு காரணம் தேவையில்லை. "அப்பச் சரி, சாமி இருக்குது" என்று ஊர்க்கவுண்டர் பெருமூச்சு விட்டார். அவரும் போய்ச் சேர்ந்தார் அந்தப் பக்கம்.

நான் மட்டும் தளரவில்லை. மோசத்தைப் பார்த்தாகிவிட்டது, நல்ல காலத்தையும் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும், ஆனி வரட்டும் என்றேன். என் அக்கா மகள் அன்றைக்குச் சாயங்காலம் என்னோடு பேசவில்லை. மாத்திரையை மட்டும் எடுத்து வைத்திருந்தாள்.

இடையில் எனக்கு ஒரு புது வாழ்வு வந்தது. டீக்கடையில் நான் ஐஸ்லாந்து ஆள் ஆகிவிட்டேன். "இன்னிக்கு உங்கூர்ல காத்து எப்படிங்க?" என்று கேட்பார்கள். நானும் செல்போனைப் பார்த்து, மழை படுக்கைவசமாக அடிக்கிறது, குடை பிடிக்க முடியாது என்று சொல்வேன். சுமார் ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் ஜனங்கள் குடும்பத்தோடும் ஆடுமாடோடும் படகில் வந்து குடியேறினார்கள், ராஜா வேண்டாம் என்று வெட்டவெளியில் பாறை மேல் கூடி நியாயம் பேசினார்கள் என்று சொன்னபோது, நம் நாட்டுக் கூட்டம் மாதிரியே இருக்கிறதே என்று கிழங்கு லாரிக்காரர்கூட டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். வந்தவர்கள் காட்டையெல்லாம் வெட்டித் தீர்த்ததையும், எரிமலைப் புகையில் புல் விஷமாகி ஆடுமாடு செத்து, பஞ்சத்தில் ஜனங்கள் மடிந்ததையும் சொன்னபோது டீ ஆற்றுகிறவரும் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார். குறை கண்டுபிடிக்கத்தான் படித்தேன். அந்தப் பஞ்சத்தைப் படித்த அன்று எனக்கே சோறு இறங்கவில்லை. அத்தனைக்குப் பிறகும் அங்கேயே உழுதுகொண்டு இருந்திருக்கிறார்கள். அந்த ஜனங்கள் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது. இது என் திட்டத்தில் இல்லாதது.

ஒருநாள் செல்போனில் செய்தி: அந்தத் தீவில் தரை பிளந்து நெருப்பு ஆறாக ஓடுகிறது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்கு ஓடி அக்கா மகள் முன்னால் படத்தை நீட்டினேன்.

"பாத்தியா? பொளந்துருச்சு!"

"தெரியுமுங்க மாமா. அவரு இருக்கற எடத்துக்கும் அதுக்கும் இங்கிருந்து சேலம் போற தூரத்துக்கு மேல. அவரு காலைலயே கூப்புட்டுச் சொல்லிட்டாரு." கொஞ்சம் நிறுத்தி, "ஜனங்களை முன்னாடியே காலி பண்ணீட்டாங்களாம். நீங்க ஏன் சிரிக்கறீங்க?" என்றாள்.

நான் சிரித்துக்கொண்டிருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. போனை மடியில் செருகிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டேன்.

ஆனியில் விடியற்காலை ஐந்து மணிக்கு மறுபடியும் தொட்டியடியில் கூடினோம். எங்களுக்கு இன்னும் கிழக்கு வெளுக்கவில்லை. அங்கே இரவு பதினொன்றரை. பையன் முகத்தில் வெயில் அடித்தது. பச்சைப் புல்வெளி, தூரத்தில் வெள்ளை மலை, கண்ணைக் கூசவைக்கும் சூரியன். எல்லோரும் போனை நெருங்கிக் குனிந்தோம். கடைசியில் ஊர்க்கவுண்டர்தான் கேட்டார்.

"ஏனுங்க மாப்பிள்ளை, ஆடு மாடெல்லாம் எப்பத் தூங்குமுங்க?"

அவர் வாயில் மாப்பிள்ளை என்று வந்துவிட்டது. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என்னிடம் இருந்த காரணமெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. கடைசியாக ஒன்றைப் பிடித்தேன். பார்த்தால் மட்டும் போதுமா, அந்த வீட்டில் கை நனைக்க வேண்டாமா? எங்களில் சம்பந்தம் பிடிக்கவில்லை என்றால் அந்த வீட்டில் தண்ணீர்கூடத் தொடாமல் எழுந்து வந்துவிடுவோம். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டால் உறவு. "போன்ல தண்ணி குடிக்க முடியுங்களா?" என்றேன்.

அவன் தலையைச் சொறிந்துகொண்டான்.  பிறகு, "சரிங்க மாமா" என்றான்.

ஆவணியில் வந்தது தண்ணீர். அவனோடு வேலை செய்கிற ராசிபுரத்துக்காரர் ஒருவர் ஊருக்கு வந்தபோது, பெட்டிக்குள் துண்டில் சுற்றி ஒரு பாட்டில் கொண்டுவந்திருந்தார். பையனின் அப்பா அதைத் தாம்பாளத்தில் வைத்து, பூவும் பழமும் சேர்த்து, எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்தார். ஊரே கூடியிருந்தது. அக்கா மூடியைத் திறந்து டம்ளரில் ஊற்றினாள்.

அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று கிளம்பியது.

அக்கா டம்ளரைத் தாம்பாளத்தில் வைத்துவிட்டாள். ஊர்க்கவுண்டர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். பையனின் அப்பா பாட்டிலையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பாவம், அவருக்கு வேர்த்துவிட்டது. யாரோ தொட்டியடிக்கு ஓடி மாப்பிள்ளையைப் போனில் பிடித்து, திரும்ப ஓடிவந்து சேதி சொன்னார்கள். அந்த வீட்டில் இரண்டு குழாயாம். பச்சைத் தண்ணீர் தேனாக இருக்குமாம். சுடுதண்ணீர் பூமிக்குள்ளிருந்து வருவதால் கந்தக வாடை அடிக்குமாம், யாரும் குடிக்க மாட்டார்களாம், குடித்தால் கெடுதலும் இல்லையாம். பாட்டிலை நிரப்பியவர் ராசிபுரத்துக்காரர். பெரியவர்களுக்குக் கொடுக்கிற தண்ணீராயிற்றே, மரியாதையாகச் சுடுதண்ணீராக இருக்கட்டும் என்று அந்தக் குழாயில் பிடித்துவிட்டார். பூமியைப் பாதி சுற்றி வருவதற்குள் ஆறிவிடும் என்பதை அந்த நல்ல மனிதர் யோசிக்கவில்லை.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு வருஷமாக நான் தேடிய குறை டம்ளரில் இருந்தது. நான் முகத்தைச் சுளித்தால் போதும். அந்த நாற்றத்துக்கு ஒருத்தரும் என்னைக் குற்றம் சொல்ல மாட்டார்கள். அக்கா மகள் நிலைப்படியில் நின்றிருந்தாள். கெஞ்சவில்லை. ஆனால் என்னைப் பார்த்துப் பயந்திருந்தாள். மூன்று வயதில் என் தோளில் ஏறி வந்த நாளிலிருந்து அவள் என்னைப் பார்த்துப் பயந்து நான் கண்டதில்லை. எனக்குச் சீ என்று ஆகிவிட்டது.

டம்ளரை எடுத்து ஒரே மடக்காகக் குடித்தேன். வெடித்த பட்டாசை நக்கியது போல் இருந்தது.

"இன்னும் கொஞ்சம் ஊத்துக்கா" என்றேன்.

அவள் ஓடிவந்து டம்ளரைப் பிடுங்கினாள். "போதுங்க மாமா! வயித்துக்கு ஏதாச்சும் ஆயிரும்."

"நீ அங்க போயி தெனமும் இதுலதான் குளிக்கப் போற. எனக்கு ஒரு டம்ளர் ஆகாதா கண்ணு?"

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து என் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கும் அடக்க முடியவில்லை. கந்தகம் கண்ணைக் கரிக்கிறது என்று ஊர்க்கவுண்டரிடம் சொன்னேன். ஒரு சொட்டுகூடக் குடிக்காத அவர், மூக்கிலிருந்த துண்டைக் கண்ணுக்கு ஏற்றிக்கொண்டு, "ஆமாங்க, ரொம்பக் கரிக்குதுங்க" என்றார்.